கூவி அழைத்த எழுத்துகள்

பழைய மோஸ்தர் என்பதற்கு இன்று நல்ல சந்தை இருக்கிறது. காப்பிக் கடையின் பெயர்ப்பலகை, முடிதிருத்தகத்தின் கண்ணாடிக் கதவு, ஊறுகாய்ப் புட்டியின் ஒட்டுத்தாள், திருமண அழைப்பிதழ், துப்பறியும் நாவலின் மேலட்டை என்று எங்கு திரும்பினாலும் தடித்த தண்டும் அகன்ற பாதமும் கொண்ட ஆங்கில எழுத்துகள் நம்மை எதிர்கொள்கின்றன. சில எழுத்துகளுக்கு நிழல் விழுகிறது. சிலவற்றின் வயிற்றில் பூவேலை. கணினியில் இவற்றையெல்லாம் ‘விண்டேஜ்’ என்ற ஒரே பெயரின் கீழ் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றைக் கண்டதும் நமக்குள் ஒரு பழங்காலம் விரிகிறது. அவசரமற்ற, கைவினையின் மணம் வீசும், சற்றே மங்கிய ஒரு காலம்.

ஆனால் அந்த எழுத்துகள் பிறந்த காலம் அவசரம் நிறைந்தது, கூச்சல் நிறைந்தது. பணம், குற்றம், கேளிக்கை, அடிமை வியாபாரம், அரசியல் கிளர்ச்சி ஆகிய அனைத்தும் ஒரே சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்ட காலம் அது. எழுத்தின் அழகை மட்டும் எடுத்துக்கொண்டு அது சொன்ன செய்தியை உதறிவிட முடியுமா என்னும் கேள்வியோடு அதன் வரலாற்றைச் சற்று பின்தொடர்வோம்.

முதலில் ஒரு விளக்கம். லத்தீன் எழுத்துகளின் தண்டு முடியும் இடத்தில் குறுக்காக நிற்கும் சிறு கோட்டைச் செரிஃப் என்கிறார்கள். ரோமானியக் கல்வெட்டுகளிலிருந்து வழிவழியாக வந்த உறுப்பு அது. தமிழ் எழுத்துக்கு நேர்நிகரான உறுப்பு இல்லை என்பதால் அதன் பங்கு நமக்கு உடனே புலப்படுவதில்லை. ஐரோப்பிய அச்சுக்கலை வரலாற்றில் எழுத்துகளை வகைபிரிப்பதற்கு முதன்மையான அடையாளங்களில் ஒன்று இந்தச் சிறு கோடுதான். அது தண்டோடு வளைந்து இணைகிறதா, மயிரிழையாய் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, செங்கல் போல் நிற்கிறதா, மீன்வாலாய்ப் பிளக்கிறதா என்பதைக் கொண்டே எழுத்தின் காலத்தை ஓரளவு கணித்துவிடலாம்.

அச்சு தோன்றிய 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஏறக்குறைய 350 ஆண்டுகள், அச்செழுத்து என்றால் புத்தக எழுத்து என்றே பொருள். தலைப்புக்குப் பெரிய எழுத்து வேண்டுமென்றால் புத்தக எழுத்தையே பெரிய அளவில் வார்த்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பார்மாவில் போடோனியும் பாரிஸில் தீதோ குடும்பத்தாரும் ஒரு புதிய நேர்த்தியைக் கொண்டுவந்தனர். தடித்த கோடு மேலும் தடிமனாகவும், மெல்லிய கோடு மயிரிழையாகவும் ஆனது. வழுவழுப்பான தாளும் கூர்மையாக அச்சிடும் பொறியும் கைவந்த பிறகே இத்தகைய வடிவம் சாத்தியமாயிற்று. அறிஞர்களின் மேசைக்கும் அரசவை நூலகத்துக்கும் உரிய எழுத்து அது.

அந்த அரசவை எழுத்தை லண்டன் தெருவுக்கு இழுத்து வந்தவர்களில் முதன்மையானவர் ராபர்ட் தோர்ன் என்னும் எழுத்து வார்ப்பாளர். தாமஸ் காட்ரெல் என்பவரின் வார்ப்பகத்தை 1794-ல் வாங்கிய தோர்ன், பின்னர் லண்டனின் ஃபான் தெருவில் தொழில் நடத்தினார். புதிய பாணி எழுத்தின் மெல்லிய கோடுகளை அப்படியே விட்டுவிட்டுத் தடித்த கோடுகளை மட்டும் மேன்மேலும் பருக்கச் செய்தார். அதன் விளைவாகப் பிறந்த எழுத்துக்குக் ‘கொழுத்த முகம்’ என்று பொருள்படும் ஃபாட் ஃபேஸ் என்ற பெயர் நிலைத்தது. சுவரொட்டியின் தோற்றத்தையே அது மாற்றியமைத்ததென 1822-ல் வெளியான தம் நூலில் வில்லியம் சாவேஜ் தோர்னுக்கே அந்தப் பெருமையை அளித்தார். மூன்று ஆண்டு கழித்து, 1825-ல் அச்சுக்கலை பற்றிப் பெருநூல் எழுதிய ஹான்சார்டோ இத்தகைய எழுத்துகளை அவலட்சணங்களாகவே கண்டார். ஒரே எழுத்து ஒருவருக்குப் புரட்சி, இன்னொருவருக்கு விகாரம். அந்த வழக்கு இன்றுவரை முடியவில்லை.

கொழுத்த எழுத்துக்கு அப்போது என்ன தேவை ஏற்பட்டது? பதில் எளியது. நகரம் பெருகியது, சந்தை பெருகியது, கூவுகிறவர்கள் பெருகினார்கள். செய்தித்தாளில் விளம்பரத்துக்கு வரி இருந்தது. பத்திகளின் கோட்டுக்குள் அடங்கவேண்டிய கட்டாயமும் இருந்தது. விளம்பர வரி பிரிட்டனில் 1853-ல்தான் நீங்கியது. சுவர் அப்படியன்று. நடந்து போகிறவனின் கண்ணை ஒரு நொடி நிறுத்தவேண்டும் என்பதே சுவரின் இலக்கணம். அரசு லாட்டரிச் சீட்டின் விளம்பரத் தாள்கள் கொழுத்த எழுத்தை ஆவலோடு பயன்படுத்தின. 1820-ல் தோர்ன் இறந்ததும் அவருடைய வார்ப்பகத்தை ஏலத்தில் எடுத்தவர் வில்லியம் தோரோகுட். அந்தப் பணமே அவருக்கு லாட்டரியில் விழுந்தது என்பது அத்தொழிலில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. லாட்டரியைக் கூவி விற்ற எழுத்தை லாட்டரிப் பணமே விலைக்கு வாங்கியது என்றாகிறது. அந்த அரசு லாட்டரியின் கடைசிக் குலுக்கல் 1826-ல் நடந்து முடிந்தது. எழுத்து மட்டும் தங்கிவிட்டது.

இந்த இடத்தில் கைத்தொழிலின் ஒரு நுட்பத்தையும் சொல்லவேண்டும். சிறிய எழுத்தைச் செய்ய, எஃகுத் துண்டின் முனையில் அதைத் தலைகீழாகச் செதுக்கி, செம்பில் அறைந்து, தாயச்சு எடுத்து, ஈயக் கலவையை ஊற்றுவார்கள். எழுத்து பெரிதாகப் பெரிதாக எஃகை அறைவது இயலாத காரியம். எனவே பேரெழுத்துகளை மணலில் வார்த்துவந்தார்கள், ஓரங்கள் மழுங்கியிருந்தன. ஏறத்தாழ 1810-ல் நான்காம் வில்லியம் காஸ்லன், எழுத்தின் வடிவத்தைத் தகட்டில் துளையாக வெட்டி, அதை இன்னொரு தகட்டின்மேல் பொருத்தித் தாயச்சாக்கும் முறையைக் கொண்டுவந்தார். பெரிய எழுத்தும் கூர்மையான விளிம்போடு கிடைத்தது. புதிய வடிவங்களின் பெருக்கத்துக்குப் பின்னால் இப்படி ஒரு தகட்டுவேலையும் இருந்தது.

பிறகு பத்தாண்டுக்குள் எழுத்தின் உருவில் எத்தனை மாற்றங்கள்! வின்சென்ட் ஃபிக்கின்ஸின் 1815 ஆண்டிட்ட மாதிரிப் புத்தகத்தில் ‘ஆன்ட்டீக்’ என்ற எழுத்து தோன்றியது. மயிரிழைச் செரிஃப் மறைந்து, தண்டின் கனத்துக்கு இணையான கட்டைச் செரிஃப் வந்தது. நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்புக்குப் பிறகு எகிப்தியப் பொருள்கள்மீது ஐரோப்பாவில் மோகம் பரவியிருந்த நேரம் அது. தோர்ன் தம்முடைய கட்டைச் செரிஃபுக்கு ‘எஜிப்ஷியன்’ என்றே பெயர் வைத்தார். 1816-ல் காஸ்லன் செரிஃபையே நீக்கிய எழுத்தை வெளியிட்டார். 1817-ல் ஃபிக்கின்ஸ் செரிஃபை இரண்டாகப் பிளந்து வளைத்த ‘டஸ்கன்’ எழுத்தைக் காட்டினார். 1821-ல் காஸ்லன் நிறுவனம் கனமான கோடுகளை மெலிதாகவும் மெல்லியவற்றைக் கனமாகவும் தலைகீழாக்கி ‘இத்தாலியன்’ என்றது.

டஸ்கனின் பிளந்த நுனிக்கு ஒரு நெடிய முன்வரலாறு உண்டு. 4ஆம் நூற்றாண்டில் போப் தமாசுஸ், கிறித்தவத் தியாகிகளின் கல்லறைகளுக்குக் கவிதைக் கல்வெட்டுகள் அமைத்தபோது, ஃபிலோகாலுஸ் என்னும் எழுத்துக்கலைஞர் இதே பாங்கில் நுனி சுருண்ட எழுத்துகளை வரைந்து கொடுத்தார். தியாகிகளின் நினைவைப் போற்றிய அலங்காரம் ஏறத்தாழ 1450 ஆண்டுகளுக்குப் பின் சர்க்கஸ் நோட்டீஸில் குடியேறியது. வடிவங்களுக்கு நினைவு இல்லை. நினைவை ஏற்றுகிறவர்கள் நாம்தான்.

1845-ல் ஃபான் தெரு வார்ப்பகமே மீண்டும் ஒரு திருப்பத்தை உண்டாக்கியது. அங்கே ஊழியராகச் சேர்ந்து பங்குதாரராக உயர்ந்திருந்த ராபர்ட் பெஸ்லி ‘கிளாரண்டன்’ என்னும் எழுத்தை வெளியிட்டார். கட்டைச் செரிஃபைத் தண்டோடு மெல்ல வளைத்து இணைத்த வடிவம் அது. சாதாரணப் புத்தக எழுத்தின் நடுவே ஒரு சொல்லை மட்டும் எடுப்பாகக் காட்டுவதற்கும், அகராதியில் தலைச்சொல்லைத் தனித்து நிறுத்துவதற்கும் ஏற்றதாக அது அமைந்தது. இன்று நாம் கணினியில் ஒரு பொத்தானை அழுத்திச் சொல்லைத் தடிப்பாக்குகிறோமே, அந்தப் பழக்கத்தின் முன்னோடிகளுள் ஒன்று இது. அலங்கார வடிவமைப்புகளுக்கான சட்டத்தின்கீழ் பெஸ்லி அதைப் பதிவு செய்தார். கிடைத்த பாதுகாப்பு மூன்றே ஆண்டு. தவணை முடிந்ததும் பிற வார்ப்பகங்கள் கிளாரண்டனைப் போன்ற எழுத்துகளைச் சந்தையில் கொட்டின. பெஸ்லி அதை வெளிப்படையாகவே கடிந்துகொண்டார். பயன் இல்லை. விரைவிலேயே கிளாரண்டன் ஒரு தனி எழுத்தின் பெயர் என்ற நிலை மாறி ஓர் இனத்தின் பெயராயிற்று. 1869-ல் பெஸ்லி லண்டன் மாநகரின் மேயரானார். அந்த எழுத்தை எஃகில் செதுக்கியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ். இந்த ஒருவருடைய பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது. மேலே சொன்ன மற்ற எழுத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு வார்ப்பக முதலாளியின் பெயர் மட்டுமே எஞ்சியுள்ளது. கண்ணும் விரலும் தேய உழைத்தவர்களின் பெயர்கள் உருகிய ஈயத்தோடு போயின.

இதே வார்ப்பகம் பின்னாளில் ரீட் குடும்பத்தின் கைக்கு வந்தது. அக்குடும்பத்தைச் சேர்ந்த டால்பட் பெய்ன்ஸ் ரீட், பள்ளிச் சிறுவர் கதைகளால் புகழ்பெற்ற எழுத்தாளர். பகலில் எழுத்து வார்ப்பகத்தை நிர்வகித்து, ஓய்வில் கதை எழுதிய அவர், 1887-ல் பழைய ஆங்கில எழுத்து வார்ப்பகங்களின் வரலாற்றை நூலாக எழுதினார். தாம் செய்யும் தொழிலுக்குத் தாமே வரலாற்றாசிரியராகும் பேறு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

லண்டனில் உலோகத்தில் பிறந்த இந்த எழுத்துகள் அமெரிக்காவில் மரத்துக்கு மாறின. ஈயத்தில் வார்த்த பேரெழுத்து கனமானது, விலை மிகுந்தது, குளிரும்போது முகம் குழிந்துவிடக் கூடியது. மரமோ இலேசானது, மலிவானது. 1827-ல் நியூயார்க்கைச் சேர்ந்த டேரியஸ் வெல்ஸ், சுழலும் உளியால் மரத்தில் எழுத்தைக் குடையும் பொறியை அமைத்தார். மறு ஆண்டே மர எழுத்துக்கான மாதிரிப் பட்டியலை வெளியிட்டார். 1834-ல் வில்லியம் லீவன்வொர்த் அந்த உளியோடு பாண்டோகிராஃப் கருவியை இணைத்தார். ஓர் அச்சுருவின் விளிம்பை ஒரு முனையால் வருடினால், மறுமுனையில் இருக்கும் உளி அதே வடிவத்தைப் பெரிதாகவோ சிறிதாகவோ மரத்தில் குடைந்துவிடும். மேப்பிள் மரத்தைக் குறுக்குவாட்டில் அறுத்து, நெடுநாள் உலரவைத்து, 0.918 அங்குல உயரத்துக்கு இழைத்து, குறுக்குவெட்டு முகத்தில் எழுத்தைக் குடைந்தார்கள். சுழல் உளி மூலைகளை வட்டமாகவே விடும் என்பதால் அவற்றைக் கூர்மையாக்குவது கத்தி பிடித்த தொழிலாளியின் வேலை. தமிழகத்தின் பழைய அச்சகங்களிலும் சுவரொட்டிக்கென மர எழுத்துகள் இருந்தன. எழுத்து பெரிதானால் உலோகம் கனக்கிறது என்ற தொல்லை எல்லா மொழிக்கும் பொதுதானே.

பாண்டோகிராஃப் வந்தபின் வடிவங்களுக்குக் கட்டுப்பாடே இல்லாமல் போயிற்று. ஒரே எழுத்தை ஒடுக்கலாம், அகட்டலாம், வயிற்றில் கொடியோடவிடலாம். கனெடிகட்டில் தொழில் நடத்திய வில்லியம் பேஜ் 1874-ல் வெளியிட்ட வண்ண எழுத்து மாதிரி நூல், ஒன்றன்மேல் ஒன்றாகப் பல நிறங்களில் அச்சிடத்தக்க எழுத்துகளின் திருவிழா. 1880-ல் விஸ்கான்ஸின் மாநிலத்தின் டூ ரிவர்ஸ் நகரில் தொடங்கிய ஹாமில்டன் நிறுவனம் போட்டியாளர்களை ஒவ்வொருவராக விழுங்கியது. பேஜின் தொழிலும் 1891-ல் அதனோடு சேர்ந்தது. செரிஃப் தண்டைவிடப் பருத்து நிற்கும் ‘பிரெஞ்சு கிளாரண்டன்’ இந்த மர எழுத்துக் காலத்தின் முத்திரை. கௌபாய்ப் படங்களில் ‘தேடப்படுகிறான்’ என்று அறிவிக்கும் தாளை நினைவுகூர்ந்தால் போதும், அந்த எழுத்து கண்முன் நிற்கும்.

சரி, இந்த எழுத்துகள் எவற்றையெல்லாம் அறிவித்தன? 1843-ல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் பாப்லோ ஃபாங்க்கின் சர்க்கஸுக்கு அச்சிடப்பட்ட நோட்டீஸ், 1967-ல் ஒரு பழம்பொருள் கடையில் ஜான் லெனன் கையில் சிக்கியது. பீட்டில்ஸின் பாடல் ஒன்று அதிலிருந்து பிறந்தது. 1848 ஏப்ரல் 10-ல் லண்டன் கென்னிங்டன் திடலில் உழைக்கும் மக்களின் வாக்குரிமைக்காகச் சார்ட்டிஸ்டுகள் கூடிய கூட்டத்துக்கும் இத்தகைய எழுத்துகளே அழைப்பு விடுத்தன. 1865 ஏப்ரலில் லிங்கனைக் கொன்ற பூத்தையும் கூட்டாளிகளையும் பிடித்துத் தந்தால் 1,00,000 டாலர் என்று அமெரிக்கப் போர்த்துறை அறிவித்தது. அந்தத் தாளில் உடந்தையாளர் இருவரின் பெயர்கள் பிழையாகக் கோக்கப்பட்டிருந்தன. அவசரத்தின் அடையாளம்.

அவற்றைவிடக் கொடிய தாள்களும் உண்டு. அமெரிக்கத் தென்மாநிலங்களில் மனிதர்களை ஏலம் விடும் நோட்டீஸ்களும், தப்பியோடிய அடிமைக்கு விலை கூறும் நோட்டீஸ்களும் இதே கொழுத்த எழுத்துகளில் அச்சாயின. குதிரை விற்பனையை அறிவித்த அதே எழுத்துப் பெட்டியிலிருந்து எடுத்தே கம்பாசிட்டர் மனிதர் விற்பனையையும் கோத்தார். மறுபுறம், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுப்பதற்கான 1850ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின், 1851 ஏப்ரல் 24 நாளிட்ட ஒரு சுவரொட்டி பாஸ்டனில் ஒட்டப்பட்டது. காவலர்களோடு பேச்சுக் கொடுக்காதீர்கள், அவர்கள் அடிமைபிடிப்போராக வேலை செய்கிறார்கள் என்று நகரின் கறுப்பின மக்களை எச்சரித்த தாள் அது. அடிமை முறையை எதிர்த்தோர் அச்சிட்ட அந்த எச்சரிக்கையின் முதல் சொல்லும் கொழுத்த பேரெழுத்தில், வியப்புக்குறிகளோடு நிற்கிறது. விலங்கு பூட்டியவனும் விலங்கை முறிக்க முயன்றவனும் ஒரே எழுத்தால் கூவினார்கள்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வண்ணக் கல்லச்சு சுவரொட்டியைப் படிப்படியாகக் கைப்பற்றியது. ஓவியன் எழுத்தையும் கையாலேயே வரைந்தான். மர எழுத்தின் மதிப்பு தாழ்ந்தது. ரசனையும் மாறியது. 1891-ல் கெல்ம்ஸ்காட் அச்சகத்தைத் தொடங்கிய வில்லியம் மாரிஸ், போடோனியின் எழுத்தையே வெறுத்து, 15ஆம் நூற்றாண்டு வெனிஸின் எழுத்தை முன்மாதிரியாகக் கொண்டார். போடோனியே ஆகாதவருக்கு அதன் தெருப்பிள்ளைகள் எப்படி ஆகும்? அதன் பின் வந்த தலைமுறைக்கு விக்டோரிய காலத்து அலங்கார எழுத்து என்பது கேலிப்பொருளாயிற்று.

மீட்சி 1930களில் வந்தது. 1938-ல் இரண்டு நிகழ்வுகள். ராபர்ட் ஹார்லிங், ஷெஃபீல்டின் ஸ்டீஃபன்சன் பிளேக் வார்ப்பகத்துக்காகப் பழைய நாடக நோட்டீஸ்களின் நினைவில் ‘பிளேபில்’ என்ற எழுத்தை வடிவமைத்தார். அதே ஆண்டு, கவிஞர் லாரன்ஸ் பின்யனின் மகள் நிக்கலெட் கிரே, 19ஆம் நூற்றாண்டு அலங்கார எழுத்துகளைப் பற்றிய முதல் விரிவான ஆய்வு நூலை வெளியிட்டார். குப்பை என்று ஒதுக்கப்பட்ட வார்ப்பக மாதிரிப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, ஆண்டு குறித்து, இனம் பிரித்தார். ஒரு காலத்தின் மனநிலையை அதன் காவியத்தில் தேடுவதுபோலவே அதன் நோட்டீஸிலும் தேடலாம் என்பதை அந்நூல் நிறுவிக்காட்டியது. அமெரிக்காவில் அதே பணியைச் செய்தவர் ராப் ராய் கெல்லி என்னும் ஆசிரியர். மாணவர்களுக்குக் கற்பிக்கும் பொருட்டுப் பழைய அச்சகங்களிலிருந்து மர எழுத்துகளைச் சேகரிக்கத் தொடங்கி, 1969-ல் அமெரிக்க மர எழுத்துகளின் வரலாற்றை நூலாக்கினார். அவருடைய சேகரிப்பு இன்று ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

கணினிக் காலம் இவற்றை மீண்டும் வார்த்தது. 1990-ல் அடோபி நிறுவனம் பழைய மர எழுத்துகளைக் கணினி எழுத்துருக்களாக வெளியிட்டு ‘ஜூனிப்பர்’, ‘காட்டன்வுட்’ என்று மரங்களின் பெயர்களையே சூட்டியது. பேஜின் வண்ண எழுத்து 1994-ல் ‘ரோஸ்வுட்’ ஆயிற்று. டூ ரிவர்ஸில் 1999-ல் அமைந்த மர எழுத்து அருங்காட்சியகத்தில் பாண்டோகிராஃப் இன்னும் சுழல்கிறது. புகழ்பெற்ற எழுத்து வடிவமைப்பாளர் மேத்யூ கார்ட்டரே அங்கு மரத்தில் வெட்டுவதற்கென ஒரு புதிய எழுத்தை வரைந்து கொடுத்தார்.

இவை மகிழத்தக்க செய்திகளே. தொழிலாளியின் கத்தி தீட்டிய மூலை ஒன்று அழியாமல் காக்கப்படுவதில் நமக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. ஆயினும் ‘விண்டேஜ்’ என்ற சொல் செய்யும் ஒரு வேலையைக் கவனிக்கவேண்டும். அது எழுத்தைக் கழுவிக் கொடுக்கிறது. சர்க்கஸ், லாட்டரி, வாக்குரிமை, அடிமை ஏலம், கொலையாளி தேடல் என்று எழுத்தின்மேல் படிந்திருந்த மையையெல்லாம் துடைத்துவிட்டு, ‘பழமை’ என்ற இனிய பொதுநிறம் ஒன்றை மட்டும் பூசுகிறது. இலக்கியத்தில் நாம் இதை அறிவோம். ஒரு சொல்லின் ஓசை நயத்தை மட்டும் பாராட்டி, அந்தச் சொல் யாரைப் பார்த்து, எந்தத் திணையில், எந்தக் காலத்தில் சொல்லப்பட்டது என்பதை மறந்தால் அது வாசிப்பாகாது. எழுத்தின் வடிவத்துக்கும் அதே நியாயம் பொருந்தும்.

அதனால் அந்த எழுத்துகளைப் பயன்படுத்தக்கூடாது என்று யாரும் சொல்லப்போவதில்லை. குற்றம் எழுத்தின்மேல் இல்லை. பாஸ்டன் சுவரொட்டியே அதற்குச் சாட்சி. கொடுமைக்குக் குரல் கொடுத்த அதே தடித்த தண்டுகள்தான் எச்சரிக்கைக்கும் எதிர்ப்புக்கும் குரல் கொடுத்தன. நூலகத்தின் வாசற்படி ஏறாத மக்களுக்கு, நின்று படிக்க நேரமில்லாத மக்களுக்கு, முதன்முதலில் பெருமளவில் எட்டிய அச்செழுத்து இதுதான். அடுத்த முறை ஊறுகாய்ப் புட்டியின்மேல் அந்த அகன்ற பாதங்களைக் காணும்போது, அவை 200 ஆண்டுகளுக்கும் மேலாக நின்ற சுவர்களையும் சேர்த்துப் பார்க்கப் பழகுவோம்.